பாலு எந்த அணி?

பம்பாயில் ஒரு காலத்தில் ஆண்டுக்கொரு முறை மதங்கள் ஒன்றோடு ஒன்று கிரிக்கெட் ஆடின. அழகுக்காகச் சொல்லவில்லை; அணிகளுக்குப் பெயரே அப்படித்தான். முதலில் ஐரோப்பியரும் பார்சிகளும் மோதிக்கொண்டார்கள். 1906-ல் இந்துக்கள் என்ற பெயரில் ஓர் அணி ஐரோப்பியருக்கு எதிராக இறங்கியது. அடுத்த ஆண்டு அது மூன்று அணிப் போட்டியானது. 1912-ல் முஸ்லிம்கள் சேர்ந்து நான்கு அணி. 1937-ல் கிறிஸ்தவர் உள்ளிட்ட மற்றவர்கள் எல்லாம் எஞ்சியோர் என்ற பெயரில் சேர, ஐந்து அணி. இன்று ஐபிஎல்லுக்கு இருக்கிற பரபரப்பு அன்று அதற்கு இருந்தது. ஒரே ஒரு வித்தியாசம். இன்று சென்னை அணியின் ரசிகர் மனம் வெறுத்துப்போனால் மும்பைக்கு மாறிக்கொள்ளலாம். அன்று பிறக்கும்போதே ஒருவருடைய அணி முடிவாகிவிடும்.

அப்படியானால், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை எந்த அணிக்குக் கைதட்டுவது? கோயிலுக்குள் விடாதவர்களின் அணிக்கா, கிளப்புக்குள் விடாத வெள்ளைக்காரர்களின் அணிக்கா? இந்தக் கேள்வியைக் கையில் பந்தோடு சுமந்து திரிந்தவர் பல்வங்கர் பாலு. இந்தியாவின் முதல் பெரிய சுழற்பந்து வீச்சாளர் அவர்தான். அவரைப் பற்றி நாம் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அம்பேத்கரை எதிர்த்துத் தேர்தலில் நின்றவர் என்பதால் நம்மில் பலர் அவரைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எதிரணியில் நின்றவரை என்ன செய்வது என்ற கேள்வி மைதானத்தோடு முடிந்துவிடுவதில்லை.

பாலுவின் குடும்பம் கொங்கண் கடற்கரையில் உள்ள பல்வன் என்ற கிராமத்தைச் சேர்ந்தது. பல்வங்கர் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. சாதி சமார். தோல் பதனிடுவதும் செருப்பு தைப்பதும் அவர்களுக்கு விதிக்கப்பட்ட தொழில். நம் பக்கத்தில் அருந்ததியருக்கு இருந்த இடம் அங்கே அவர்களுக்கு. 1870-களின் நடுவில் தார்வாரில் பிறந்த பாலு, அப்பாவுக்கு ராணுவத்தில் வேலை என்பதால் புனாவில் வளர்ந்தார். அந்தக் காலத்தில் நம் மக்களில் ஒரு பகுதியினர் கிராமத்தின் பிடியிலிருந்து தப்பியது ராணுவக் கண்டோன்மென்ட் வழியாகத்தான். பாலுவும் தம்பி சிவராமும் அதிகாரிகள் கழித்துப்போட்ட மட்டையையும் பந்தையும் வைத்து ஆடிப் பழகினார்கள்.

பள்ளிப் படிப்பு வெகுநாள் நீடிக்கவில்லை. முதலில் புனாவில் பார்சிகளின் கிரிக்கெட் கிளப்பில் வேலை. ஆடுகளத்தைப் பெருக்குவது, உருளையை இழுப்பது, உறுப்பினர்களுக்கு எப்போதாவது பந்து போடுவது. சம்பளம் மாதம் 3 ரூபாய். பிறகு வெள்ளையர்களின் புனா கிளப்புக்கு மாறினார். அங்கே 4 ரூபாய். வலை கட்டுவது, ஆடுகளத்தைச் சீர்செய்வது, கோடு போடுவது எல்லாம் அவர் வேலை. அதோடு வலைப்பயிற்சியில் துரைமார்களுக்குப் பந்து வீச வேண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பாலுவின் கலை பிறந்தது இங்கேதான். புனா கிளப்பில் ஜே.ஜி. கிரெய்க் என்ற கேப்டன் இருந்தார். உருவத்தில் சிறியவர், மட்டை பிடித்தால் பெரியவர். அன்றைய இந்தியாவில் ஐரோப்பியர்களின் மிகச் சிறந்த பேட்ஸ்மேன். மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து, பாலுவைத் தனியாகப் பந்து வீசச் சொல்லிப் பயிற்சி எடுப்பார். தன்னை அவுட் ஆக்கும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா கொடுப்பார் என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, தினமும் மணிக்கணக்காக நாட்டின் முதல்தர பேட்ஸ்மேனுக்குப் பந்து வீசியது உண்மை. இடக்கையால் மெதுவாகச் சுழற்றுவது, ஒரே கை அசைவில் வேகத்தை மாற்றுவது, பந்தை இரண்டு பக்கமும் திருப்புவது, ஆளுக்கேற்பத் தூக்கிப் போடுவது என எல்லாம் அந்த வலைக்குள் வந்தவை. ஆனால் ஆயிரக்கணக்கில் பந்து வீசிய அந்த இளைஞனிடம் மட்டையைக் கொடுத்து ஒரு தடவை ஆடிப்பார் என்று புனா கிளப்பில் யாரும் சொல்லவில்லை. மட்டை துரைகளுக்கு. வியர்வை சிந்தும் வேலை கூலிக்காரனுக்கு.

லகான் படம் பார்த்தவர்களுக்குக் கச்ரா என்ற பாத்திரம் நினைவிருக்கும். தீண்டத்தகாத சாதியைச் சேர்ந்த சுழற்பந்து வீச்சாளர். பாலுவை நினைத்துத்தான் அதை உருவாக்கினார்கள் என்று பலரும் சொல்கிறார்கள். அப்படி என்றால் நமக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. படத்தில் கச்ராவின் கை ஊனமானது; அதனால் பந்து தானாகத் திரும்புகிறது. பாலுவின் பந்து தானாகத் திரும்பவில்லை. பல ஆண்டு உழைப்பும் புத்தியும் சேர்ந்து அதைத் திருப்பின. நம்மவர் திறமையை இயற்கை போட்ட பிச்சையாகக் காட்டுவதில் ஏன் இவ்வளவு ஆசையோ தெரியவில்லை.

வெள்ளையருக்குப் பந்து வீசும் பையனின் பேச்சு ஊருக்குள் பரவியது. புனாவில் இந்துக்களின் கிளப் ஒன்று இருந்தது; வெள்ளையர் அணியை ஜெயிக்க வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் கனவு. பாலுவைச் சேர்த்துக்கொண்டால் ஜெயிக்கலாம். ஆனால் பாலு சமார். கிளப்பில் இருந்த தெலுங்கர்கள் சிலர் சேர்க்கலாம் என்றார்கள். புனா பிராமணர்கள் தயங்கினார்கள். எதிரணிக்காரரான கிரெய்க்கே பத்திரிகை வழியாக, இவரைச் சேர்க்காமல் விடுவது முட்டாள்தனம் என்ற பொருளில் கருத்துச் சொன்னார். கடைசியில் சேர்த்தார்கள்.

சேர்த்த விதத்தை நம் ஊர் வாசகர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. மைதானத்தில் பந்து ஒன்றுதான். பாலு தொட்ட பந்தைப் பிராமணர் பிடிப்பார், பிராமணர் எறிந்த பந்தைப் பாலு வாங்குவார். தேநீர் இடைவேளை வந்ததும் அணி இரண்டாகிவிடும். மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் குடிப்பார்கள். பாலுவுக்கு வெளியே, குடித்ததும் தூக்கிப்போடும் மண் குவளையில். முகம் கழுவ வேண்டும் என்றால் அவரைப் போன்ற தீண்டத்தகாத பணியாள் ஒருவர் மைதானத்தின் ஓரத்தில் தண்ணீர் ஊற்றுவார். சாப்பாடு தனித் தட்டில், தனி மேசையில். நாம் இரட்டைக் குவளை என்று டீக்கடைகளில் எதிர்த்துப் போராடியது, அங்கே ஒரே அணிக்குள் நடந்தது.

அணி ஜெயித்தது. புனாவின் வெள்ளையர்களை ஜெயித்தது. சாத்தாராவில் வெள்ளையர்களுக்கு மட்டுமான ஜிம்கானாவின் சொந்த மைதானத்திலும் போய் ஜெயித்தது. பாலு விக்கெட்டுகளை அள்ளினார். ஊர் திரும்பியபோது மாலை மரியாதை. பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதியும் சீர்திருத்தக்காரருமான மகாதேவ கோவிந்த ரானடே முன்வந்து பாலுவைப் பாராட்டினார். கூட ஆடலாம் என்றால் கூட உட்கார்ந்து சாப்பிடவும் வேண்டும் என்று அணியினருக்கு எடுத்துச் சொன்னார். வெற்றி சாதிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஏதோ கொஞ்சம் சாதித்தது. ஆனால் வெற்றிக்கு முன்பும் பாலு மனிதர்தான் என்பதை ரானடேக்கு முன்னால் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

1890-களின் கடைசியில் புனாவில் பிளேக் பரவியது. பாலு பம்பாய்க்குப் போனார். அங்கே கடற்கரையோரம் பார்சிகளுக்கு ஒரு ஜிம்கானா, முஸ்லிம்களுக்கு ஒன்று, இந்துக்களுக்கு ஒன்று என்று அரசே நிலம் பிரித்துக் கொடுத்திருந்தது. இந்து ஜிம்கானாவிலும் முதலில் எதிர்ப்பு இருந்தது. அணித்தலைவர் கீர்த்திகர் பிடிவாதமாக நின்றதால் பாலு உள்ளே வந்தார். பம்பாய் பரோடா மத்திய இந்திய ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே ஆடினார்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். இந்துக்கள் என்ற அணி அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. அதற்கு முன் பம்பாயில் இருந்தவை சாதிக்கொரு கிளப், மொழிக்கொரு கிளப். சாரஸ்வதர்களுக்கு ஒன்று, க்ஷத்ரியர்களுக்கு ஒன்று, குஜராத்திகளுக்கு ஒன்று, தெலுங்கர்களுக்கு ஒன்று. எதிரே ஐரோப்பியர் என்றும் பார்சிகள் என்றும் அணிகள் நின்றதால்தான் இவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே பெயரில் நிற்க வேண்டியதாயிற்று. எதிரணி இல்லாவிட்டால் அந்த அணியே இல்லை. பாலுவுக்கு அங்கே இடம் கிடைத்ததற்கும் காரணம் அதுதான். எதிரியை வீழ்த்த ஆள் வேண்டியிருந்தது.

1906 பிப்ரவரி. பம்பாய் ஜிம்கானா மைதானம். இந்தியர்களை உறுப்பினராகவே சேர்க்காத கிளப். இந்துக்கள் முதல் இன்னிங்ஸில் 242, ஐரோப்பியர் 191. இரண்டாவது இன்னிங்ஸில் இந்துக்கள் 160. ஐரோப்பியருக்கு 212 தேவை, 102-க்குச் சுருண்டார்கள். 109 ரன் வித்தியாசத்தில் வெற்றி. பாலுவின் பந்து அந்த வெற்றியில் பெரும் பங்கு வகித்தது. சிவராமும் அந்த அணியில் இருந்தார். முந்தைய ஆண்டுதான் ஜப்பான் ரஷ்யாவை வீழ்த்தியிருந்தது. வங்கப் பிரிவினையால் சுதேசிக் கிளர்ச்சி கொதித்துக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரனை அவனுடைய ஆட்டத்தில், அவனுடைய மைதானத்தில் வென்ற செய்தி சும்மா போய்விடுமா? பம்பாய் கொண்டாடியது.

அந்த நாட்களில் பம்பாயிலிருந்து இந்தியன் சோஷியல் ரிஃபார்மர் என்ற வார இதழ் வந்துகொண்டிருந்தது. சென்னையில் தொடங்கப்பட்டுப் பம்பாய்க்குப் போன இதழ், ஆசிரியர் கா. நடராஜன் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழர். சமார் சகோதரர்களை அணியில் சேர்த்ததால் இந்து இளைஞர்களின் மனம் விசாலமானது போல வேறு எந்தச் சீர்திருத்த முயற்சியாலும் ஆகவில்லை என்று அந்த இதழ் மகிழ்ந்தது. நல்ல மனதோடு எழுதியதுதான். ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது: மைதானத்தில் பாலுவின் பெயரைச் சொல்லிக் கத்திய அந்த ஆயிரக்கணக்கானோரில் எத்தனை பேர் மறுநாள் காலையில் தங்கள் தெருவுக்கு வந்த சமாரை வீட்டுத் திண்ணையில் உட்காரச் சொல்லியிருப்பார்கள்? ரசிகருக்குத் தேவை விக்கெட். விக்கெட் விழும் வரை அவருக்குச் சாதி மறந்துபோகிறது. அது மனமாற்றமா, வெறும் இடைவேளையா என்பது ஆட்டம் முடிந்த பிறகுதான் தெரியும்.

1911-ல் இந்தியாவின் பெயரில் முதல் அணி இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியது. தலைவர் பாட்டியாலா மகாராஜா. அணியைத் தேர்ந்தெடுத்ததிலும் மதக் கணக்கு: பார்சிகள் ஆறு, இந்துக்கள் ஐந்து, முஸ்லிம்கள் மூன்று. அந்த ஐந்து இந்துக்களில் இரண்டு பேர் பாலுவும் சிவராமும். மகாராஜா பெரும்பாலும் விருந்துகளில் இருந்தார். முதல்தர ஆட்டங்கள் 14-ல் 10-ல் தோற்றது அணி, 2-ல் வென்றது. வென்றவற்றில் லெஸ்டர்ஷயருக்கு எதிரானது பாலுவின் பந்துவீச்சால்; சாமர்செட்டுக்கு எதிரானது சிவராமின் ஆட்டமிழக்காத சதத்தால். சுற்றுப்பயணம் முழுவதும் பாலு எடுத்த விக்கெட்டுகள் 114, சராசரி 18.84. தோற்றுக்கொண்டே இருந்த அணியில், தோள் வலியோடு, நாற்பதை நெருங்கும் வயதில் எடுத்தவை இவை. இங்கிலாந்து ரசிகர்கள் எதிரணிக்காரரான அவருக்கு எழுந்து கைதட்டினார்கள். அவர்களுக்கு அவர் சமாரா, பிராமணரா என்று தெரியாது. தெரிந்தாலும் அதனால் ஒன்றுமில்லை. சொந்த நாட்டு ரசிகர் ஒருபோதும் கொடுக்காத ஒன்றை எதிரி நாட்டு ரசிகர் கொடுத்தார் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்த நாட்டு அதிகாரிகள்தான் புனாவில் அவருக்கு மட்டை கொடுக்காதவர்கள். அதையும் மறக்க முடியாது.

ஊர் திரும்பியதும் பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்கு வரவேற்பு கொடுத்தார்கள். இளைஞரான அம்பேத்கருக்கு அன்று பாலு என்றால் பெருமை. பிற்காலத்தில் இருவருக்கும் இடையே வந்ததை வைத்து முன்னால் இருந்ததை அழித்துவிடக் கூடாது.

அடுத்தது தலைவர் பதவி. இந்து அணியின் மூத்த வீரர், அதிக அனுபவம் உள்ளவர், ஆட்டத்தின் நுணுக்கம் அறிந்தவர் பாலு. ஆண்டுதோறும் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் பெயர் பேசப்படும். ஆண்டுதோறும் உயர்சாதிக்காரர் ஒருவருக்குப் போகும். பல ஆண்டுகள் தலைவராக இருந்த எம்.டி. பை பிராமணர், நல்ல மனிதர். தமக்கு நடந்த பாராட்டு விழாவிலேயே, இந்தப் பதவி நியாயமாகப் பாலுவுக்குப் போயிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். தேர்வுக் குழுவின் காதில் விழவில்லை. பந்து வீச நம்மவர் வேண்டும், ஆனால் நம்மவர் நில் என்றால் நிற்க, ஓடு என்றால் ஓட மற்றவர்கள் தயாரில்லை. இன்றும் ஊராட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார முடியாமல் அலுவலகத் தரையில் உட்கார வைக்கப்பட்ட நம் தலைவர்களைப் பற்றிய செய்திகளைப் படிக்கிற வாசகர்களுக்கு இது புதிதல்ல.

1920-ல் பொறுமை உடைந்தது. பாலு அணியிலிருந்து நீக்கப்பட்டார். பை உடல்நலமின்றி இருந்தார். தம்பி விட்டல் அப்போது அணியின் தலைசிறந்த பேட்ஸ்மேன்களில் ஒருவர். அவரை விட்டுவிட்டு, அவருக்கு இளையவரான தேவ்தரைத் தலைவராக்கினார்கள். விட்டலும் சிவராமும் ஆட மாட்டோம் என்று விலகினார்கள். சாதியால்தான் தங்கள் குடும்பம் ஒதுக்கப்படுகிறது என்று எழுதி வெளியிட்டார்கள். காந்தி தீண்டாமையைப் பற்றி ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த நேரம். பம்பாய் ரசிகர்கள் இந்த முறை சும்மா இருக்கவில்லை. பத்திரிகைகளிலும் பொதுவெளியிலும் சகோதரர்களுக்கு ஆதரவாகப் பேச்சு எழுந்தது. இறுதி ஆட்டத்துக்குப் பை திரும்பி வந்தார், சகோதரர்கள் திரும்பி வந்தார்கள், பாலு துணைத்தலைவர் ஆனார். ஆட்டத்தின் நடுவே பை மைதானத்தை விட்டு வெளியே போக, சற்று நேரம் இந்து அணி பாலுவின் சொல்லுக்கு நின்றது. அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த தலைமை. அதோடு அவருடைய ஆட்ட வாழ்க்கையும் முடிந்தது. முதல்தர ஆட்டங்களில் மொத்தம் 179 விக்கெட், சராசரி 15.21.

1923-ல் விட்டல் தலைவரானார். ஐரோப்பியரை வென்று கோப்பை வந்தது. உயர்சாதி ரசிகர்கள் சமார் தலைவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். தொட்டால் தீட்டு என்றவர்கள் தோளில் சுமந்தார்கள். இதை நாம் கேலியாக எழுதவில்லை. அது நடந்தது, நடந்திருக்க வேண்டியதுதான். விட்டல் பின்னர் மராத்தியில் தன்வரலாறு எழுதியதால்தான் இந்தக் குடும்பத்தின் கதை பெரும்பாலும் நமக்குக் கிடைத்தது. எழுதி வைக்காத எத்தனை பாலுக்கள் போனார்களோ!

இனி அந்த இன்னொரு மைதானம். ஆட்டத்தை விட்ட பிறகு பாலு அரசியலுக்கு வந்தார். அங்கே அவர் தேர்ந்தெடுத்தது காந்தியின் பக்கம். தனித்தொகுதி வாக்குரிமையை அம்பேத்கர் லண்டன் வட்டமேசை மாநாட்டில் வாதாடிப் பெற்று வந்தார். நம் இரட்டைமலை சீனிவாசன் அங்கே அவரோடு இருந்தார். அதை எதிர்த்து, கூட்டுத் தொகுதியே போதும் என்றவர் பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா. பாலு ராஜாவின் பக்கம் நின்றார். காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தபோது சமரசம் பேசியவர்களில் இருவரும் உண்டு. 1932 செப்டம்பர் 24-ல் கையெழுத்தான புனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், சீனிவாசன், ராஜா, பாலு என நான்கு பேரின் பெயரும் இருக்கிறது. இரண்டு அணிகளும் ஒரே தாளில்.

1935-ல் அம்பேத்கர் இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தபோது பாலு அதை ஏற்கவில்லை. 1937 தேர்தலில் காங்கிரஸ் அவரையே அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது. பாலுவுக்கு அதில் விருப்பம் இருக்கவில்லை என்று சொல்லப்படுகிறது, இருந்தும் நின்றார். அம்பேத்கர் பெற்ற வாக்குகள் 13,245. பாலு பெற்றவை 11,225. அம்பேத்கர் வென்றார், அது நல்லதாயிற்று. காங்கிரஸின் தந்திரம் வெளிப்படையானது: மகாருக்கு எதிரே ஒரு சமார், தலைவருக்கு எதிரே ஒரு வீரர். நம்மை நம்மோடு மோதவிடும் வேலை அன்று முதல் இன்று வரை ஓயவில்லை. பறையர், பள்ளர், அருந்ததியர் என்று நம் மாவட்டத்திலும் அதை ஒவ்வொரு தேர்தலிலும் பார்க்கிறோம்.

இந்த இடத்தில்தான் நம்மில் சிலர் பாலுவைத் துரோகி என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. பாலு நின்ற பக்கம் தவறு என்பது நம் கருத்து. புனா ஒப்பந்தம் நம் மக்களுக்கு என்ன செய்தது என்பதை இந்தப் பக்கங்களில் பலமுறை பேசியிருக்கிறோம். ஆனால் அவர் ஏன் அங்கே நின்றார் என்பது புரியாத விஷயமல்ல. சாதி இந்துக்களோடு ஒரே அணியில் இருபது ஆண்டுகள் ஆடியவர். மண் குவளையில் தொடங்கித் தம்பி தோளில் தூக்கப்படுவதுவரை கண்ணால் பார்த்தவர். பொறுத்திருந்தால், திறமை காட்டினால், அவர்கள் மாறுவார்கள் என்பதற்கு அவர் வாழ்க்கையில் ஆதாரம் இருந்தது. அம்பேத்கரின் வாழ்க்கையில் அதற்கு நேர் எதிரான ஆதாரம் இருந்தது. பாலு தன் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்ததை எல்லோருக்கும் கிடைக்கும் என்று நினைத்தார். கோடிக்கணக்கானவர்கள் இடக்கைச் சுழற்பந்து வீசிக் காட்டித்தான் மனிதர்களாக முடியும் என்றால், அதற்கு யுகங்கள் ஆகும். அம்பேத்கர் கண்டது அதை. அதற்காகப் பாலுவின் 179 விக்கெட்டும், எட்டணாவுக்கு வீசிய பந்தும் எதிரணியின் சொத்தாகிவிடாது.

மத அணிகளின் கதைக்கும் ஒரு முடிவு வந்தது. 1937-ல் புதிய பிரபோர்ன் ஸ்டேடியத்தில் இருக்கைகளைப் பங்கிடுவதில் தகராறு வந்து இந்துக்கள் விலகினார்கள். சையது அப்துல்லா பிரெல்வியின் பம்பாய் கிரானிக்கிள் இந்தப் போட்டியை நிறுத்தச் சொல்லி எழுதிக்கொண்டே இருந்தது. 1940 டிசம்பரில் இந்து ஜிம்கானாக்காரர்கள் வார்தாவுக்குப் போய்க் கேட்டபோது, விளையாட்டில் மதப் பிரிவு வேண்டாம் என்று காந்தி சொன்னார். அப்படியும் சில ஆண்டு ஓடியது. 1944 இறுதி ஆட்டத்தில் முஸ்லிம்கள் நெருக்கமாக வென்றபோது, தோற்ற இந்து அணியின் தலைவர் விஜய் மெர்ச்சன்ட் எதிரணியின் அறைக்குப் போய் அதன் தலைவர் முஷ்டாக் அலியைக் கட்டிப்பிடித்துப் பாராட்டினார். வீரர்களுக்குத் தெரிந்திருந்தது. எதிரே ஆள் இல்லாமல் ஆட்டம் இல்லை, எதிரே இருப்பவர் நன்றாக ஆடினால்தான் தன் வெற்றிக்கும் விலை உண்டு. ரசிகர்கள் எல்லோருக்கும் அது தெரிந்திருந்ததாகச் சொல்ல முடியாது. 1946-ல் ஐந்தணிப் போட்டி ஒரேயடியாக நின்றது. அடுத்த ஆண்டு நாடு இரண்டானது.

சென்னையில் அந்தக் காலத்தில் பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில் நடந்த ஆட்டம் இந்தியர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் இடையேயானது. இங்கே மதவாரியாக அணி பிரிக்கவில்லை. அதில் நாம் பெருமைப்படலாம். ஆனால் இன்று காணும் பொங்கலுக்கு நம் கிராமங்களில் நடக்கிற டென்னிஸ் பந்துப் போட்டிகளைப் பாருங்கள். பனியனில் அச்சடித்திருக்கும் பெயரைப் பார்த்தாலே எந்தத் தெரு என்று தெரிந்துவிடும். ஊர்த் தெரு அணி ஒன்று, காலனி அணி ஒன்று. சில இடங்களில் காலனி அணியைப் போட்டிக்கே அழைப்பதில்லை. சில இடங்களில் அழைப்பார்கள், ஜெயித்தால் தகராறு. ஒரு எல்.பி.டபிள்யூ.வில் தொடங்கிய சண்டை மறுநாள் வீடுகளுக்குத் தீ வைப்பதில் முடிவது நாம் கேள்விப்படாததா? நம் பிள்ளைகளிலும் சிலர் எதிரணியின் அம்மா அக்காவை இழுத்துத்தான் உற்சாகம் காட்டுகிறார்கள். எதிர்த்து ஆடுகிறவனின் நல்ல பந்துக்குக் கைதட்டினால் தன் தெருவுக்குத் துரோகம் என்று யார் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது? நாளை அந்த நல்ல பந்தை வீசுகிறவன் நம் காலனிப் பையனாக இருக்கும்போது, எதிர்த் தெருவில் ஒருவராவது கைதட்ட வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்போம் அல்லவா?

பாலு தேர்தலுக்குப் பிறகு பெரும்பாலும் ஒதுங்கியே வாழ்ந்தார். இந்தியா டெஸ்ட் ஆடத் தொடங்கிய 1932-ல் அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. இந்தியத் தொப்பி அவர் தலையில் ஏறவே இல்லை. 1955 ஜூலையில் பம்பாயில் காலமானார். சாந்தாகுரூஸில் நடந்த இறுதிச் சடங்குக்கு அரசியல்வாதிகளும் வந்தார்கள், கிரிக்கெட் வீரர்களும் வந்தார்கள். அவருக்குப் பின்னால் ஆட வந்தவர்கள் அவர்கள். எல்லாச் சாதியும் எல்லா மதமும் ஒரே அணியில் ஆடும் இந்தியாவின் வீரர்கள். மறு ஆண்டு அக்டோபரில் அம்பேத்கர் நாக்பூரில் பௌத்தம் தழுவினார். அதைப் பார்க்கப் பாலு இல்லை.